ஒரு நூல் விலகல்

ஜூன் 3, செவ்வாய்

மேல்தளத்து வாசிப்புக் கூடம் பாதி முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு டைல் பதித்தோம். இரண்டு உடைந்தது. ஒன்று லாரியிலேயே உடைந்து வந்தது, இன்னொன்று என் முழங்காலில் பட்டு. பசங்களைத் திட்டிக்கொண்டே திரும்பினால் அப்படித்தான்.

மதியம் கை கழுவிக்கொண்டிருந்தபோது கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பெயரைப் பதிந்து ஒன்றரை வருடம் ஆகிறது, நானே பாதி மறந்திருந்தேன். என் வீட்டுக்காரியுடைய முறை வந்துவிட்டதாம். இடது கண்ணுக்குக் கருவிழி மாற்று, இருபத்தாறாம் தேதி சேர வேண்டும். பேசிய நர்ஸம்மா மூச்சு விடாமல் சொன்னார். "ஆபரேஷன் முடிஞ்சு நாப்பது நாள், ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேர தூரத்துக்குள்ள தங்கணும். தங்குற முகவரியை பதினெட்டாம் தேதிக்குள்ள எழுதிக் குடுக்கணும்." கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அடுத்தவங்களைக் கூப்பிடுவோம் சார். உங்க பேரு திரும்பக் கடைசிக்குப் போயிடும்."

தங்குகிற முகவரி! நான் தங்கியிருப்பது, நாங்களே தரை போட்டுக்கொண்டிருக்கும் இந்த நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஆறு பேரோடு. வேலை ஆகஸ்ட் நடுவரை ஓடும். அவள் இருக்கிற எங்கள் ஊருக்கு ரயிலில் ஒரு பகல் ஆகும்.

எந்த அறை எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதத்தான் இந்த நோட்டு. இனி வேறு அறையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும் போல.

ஜூன் 4, புதன்

அவளிடம் போனில் சொன்னேன். "ரூம் கிடைக்குமாங்க?" என்றாள். கிடைக்காமல் என்ன என்று அளந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுத் தரகரோடு சுற்றினேன். வெயிலோ நிழலோ தலையில் தொப்பி இருக்கும் ஆள். தொப்பிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். கீழ் வீடு, படி ஏறக் கூடாது. தூசி கூடாது. அவள் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, முக்கியமாக வழுக்கி விழவே கூடாது. விழுந்தால் தைத்த கண் போச்சு. இதெல்லாம் ஒன்றரை மாதத்துக்கு மட்டும். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஒன்றரை மாசமா? இங்க எல்லாரும் பதினோரு மாசம் கேட்பாங்களே அண்ணே."

முதல் வீடு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் அலமாரியைக் காட்டினார், விசிறியைப் போட்டுக் காட்டினார். நான் உட்கார்ந்து விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். டைலுக்கு அடியில் கலவை சரியாக உட்கார்ந்திருந்தால் கெட்டியாகச் சத்தம் வரும். இல்லாவிட்டால் வெற்று டப்பா மாதிரி டொக்கு டொக்கு என்று கேட்கும். கேட்டது. இன்னும் நாலு இடத்தில் தட்டினேன். "ஹால் முழுக்கப் பொக்குங்க. யார் போட்டது? ஏமாத்திட்டுப் போயிருக்கான்" என்றேன்.

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. போன வருடம் அவர் மச்சான் நின்று போட்டுக் கொடுத்த தரையாம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியே வரும்வரை யோசித்த மாதிரி தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று மூன்று வீடு.

ஒன்று மாடி, லிஃப்ட் இல்லை. இன்னொரு வீட்டம்மா கண் ஆபரேஷன் என்றதும், "வியாதிக்காரங்க வேணாம்" என்றார். ஒட்டிக்கிற வியாதி இல்லை என்று எவ்வளவு சொல்லியும் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூன்றாவது வீட்டில் சமையலறைச் சுவரில் டைல் வரி ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று. நான் வாயே திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. கை மட்டும் போய் ஒரு தட்டு தட்டிவிட்டது. ஒரு டைல் பெயர்ந்து கையோடு வந்தது.

தெருவுக்கு வந்ததும் தொப்பிக்காரர் நின்றுவிட்டார். "அண்ணே, நீங்க வீடு பார்க்க வந்தீங்களா, குறை பார்க்க வந்தீங்களா?"

சாயங்காலம் இதை அவளிடம் சொன்னேன், அவள் சிரிப்பாள் என்று. சிரிக்கவில்லை. "நீங்க கையைப் பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு போங்க. எனக்குத் தரை வேணாம். முகவரிதான் வேணும்."

என்னைக் குறை சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை என்று கேட்க நினைத்தேன். துணி ஃபாக்டரியில் பதினான்கு வருடம் செக்கிங் மேசையில் இருந்தவள். தைத்து வருகிற சட்டையில் ஒரு தையல் தாண்டியிருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பாள், திருப்பி எறிவாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது என் சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நூலில் தைத்திருப்பதைத்தான் முதலில் பார்த்தாளாம். மூன்று வருடம் முன்பு கருவிழி இரண்டும் மங்க ஆரம்பித்தது. எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்க்கிற மாதிரி என்பாள். மேசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் யாரையும் குறை சொல்லிக் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

கேட்கவில்லை. சரி என்றேன்.

ஜூன் 11, புதன்

கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு போனேன். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்காரர் தொப்பிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆள் பார்வையே சரியில்லையே, கையில என்ன ஒளிச்சு வச்சிருக்கார்?" என்று கேட்டாராம்.

ஜூன் 13, வெள்ளி

இன்னும் அஞ்சு நாள். ஒரு ரூம். ஒரே ஒரு ரூம். ஊர் பூரா எத்தனை வீட்டுக்குத் தரை போட்டிருக்கேன், ஒருத்தன் வீட்ல ஒன்றரை மாசம் படுக்க இடமில்ல. இஞ்சினியர்கிட்ட கேட்டா இந்தக் கட்டடத்து முகவரியவே எழுதிக் குடுத்துடுங்கங்கிறார். சிமென்ட் மூட்டைக்கு நடுவுல அவளைக் கொண்டாந்து படுக்க வைக்கவா? அந்தக் கண்ணைத் தூசில போடவா?

ஜூன் 15, ஞாயிறு

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

தொப்பிக்காரர் காலையில் போன் செய்தார். "கடைசி வீடு அண்ணே. இதுவும் போச்சுன்னா என்னை விட்டுடுங்க." ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். ஒரு அம்மா தனியாக இருக்கிறார், ஐம்பத்தைந்து வயதிருக்கும். பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற அச்சை வைத்து இவர் வீட்டிலேயே பல் கட்டிக் கொடுக்கிறார். முன்னறை முழுக்க வெள்ளை மாவு அச்சுகள், வரிசையாக யாருடைய வாயோ சிரித்துக்கொண்டிருக்கிறது. பின்பக்க அறை காலி. மகள் படித்துக்கொண்டிருந்த அறை, இப்போது வேலைக்கு வெளியூர் போய்விட்டாள்.

படி இல்லை. ஜன்னல் பெரிது. தனிக் குளியலறை. "ஒன்றரை மாசம்தானே? இருங்க. எனக்கும் வீடு ஹோன்னு கிடக்கு" என்றார். ஆபரேஷன் என்றதற்கு, எந்தக் கண் என்று மட்டும் கேட்டார்.

நான் பேசும்போதெல்லாம் அவர் என் வாயையே பார்த்தார். பீடி நாற்றம் வருகிறதோ என்று கையால் மறைத்துக்கொண்டேன். விட்டு நான்கு வருடம் ஆகிறது.

குளியலறையைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான், தட்டவில்லை. தட்டவே வேண்டாம். தண்ணீர் போகிற பக்கம் தரை மேடாக இருக்கிறது, வாட்டம் தலைகீழ். குழாய்க்கு அடியில் குளம் மாதிரி தண்ணீர் நிற்கிறது, பாசி வேறு. ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு அவள் அதில் கால் வைத்தால்? வாயைத் திறந்தால் இந்த வீடும் போகும். திறக்காவிட்டால் அவள் விழுவாள். தொப்பிக்காரர் பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ரொம்ப நல்ல வீடும்மா" என்றேன். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

முகவரியை எழுதிக் கொடுத்தாயிற்று. நர்ஸம்மா முத்திரை குத்தினார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்க வேண்டும். பாதி வயிற்றுக்குத்தான் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

என் நாக்கில் சனி. இன்று சாவி வாங்கப் போனேன். வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம் இல்லையா? வாசல் வரை வந்தவன் திரும்பினேன். இப்போது அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாளைக்குள் கொடுக்க வேறு முகவரி இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் திரும்பினேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பாத்ரூம் வாட்டம் தப்பு. தண்ணி நிக்குது. என் வீட்டுக்காரி வழுக்கி விழுந்துடுவா. நான் டைல்ஸ் மேஸ்திரி. பார்த்துட்டு என்னால சும்மா இருக்க முடியலை."

அவர் கையில் இருந்த சின்னக் கத்தியை மேசையில் வைத்தார். நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

"அப்பாடா" என்றார் அவர். "மூணு நாளா நானும் அடக்கிட்டு இருக்கேன். புதுசா வர்றவர், மனசு நோகக் கூடாதேன்னு. உங்களுக்கு வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் ரெண்டு இல்லை. இடது பக்கம் மட்டும்தானே மெல்றீங்க? தாடையே கோணிப் போச்சு. மேல் பல்லு இறங்க ஆரம்பிச்சிருக்கு. எத்தனை வருஷமா இப்படி விட்டு வச்சிருக்கீங்க?"

மூன்று வருடம் என்றேன். "பார்த்துட்டு என்னாலயும் சும்மா இருக்க முடியலை" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிடுகிறவர்கள் வாயைப் பார்ப்பாராம், அதனாலேயே பாதிச் சொந்தக்காரர்கள் கூப்பிடுவதில்லையாம். என்னையும் யாரும் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுவதில்லை என்றேன்.

ஞாயிறு நான் தரையைப் பிரித்துப் போடுகிறேன். எனக்குப் பல் அவர் பொறுப்பு. அவர் பல் ராவுகிற தூசிதான் ஒரு கவலையாக இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, இரண்டு அறைக்கும் நடுவே இருக்கிற கதவிடுக்கில் ஈரத்துணி சொருகி, ராவுகிற வேலையைப் பின்கொட்டகைக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

இப்போது முழு வயிற்றுக்கும் பால்.

ஜூன் 22, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். பழைய தரையைப் பெயர்த்து, வாட்டம் மாற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். சொரசொரப்பு டைல், வழுக்காது. அக்கா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். "நீங்களும் என்னை மாதிரியேதான் பதிக்கிறீங்க. என்ன, உங்களுக்கு வாய் பெரிசு" என்றார்.

நாலு மணிக்கு முடிந்தது. எழுந்து நின்று பார்க்கிறேன், கதவு மூலையில் கடைசி வெட்டுத்துண்டு ஒரு நூல் விலகியிருக்கிறது. நூல் என்றால் எங்கள் அளவில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மட்டம் சரி. காலுக்குத் தெரியாது. வரிதான் மற்ற வரியோடு சேராமல் நிற்கிறது. அவசரத்தில், டைலுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவாக நிற்க வைக்கிற இடைக்கட்டையை வைக்காமல் அழுத்தியிருக்கிறேன். எடுக்கலாம் என்று கரண்டியை விட்டுப் பார்த்தேன். வெயில், கலவை இறுகிவிட்டது. பெயர்த்தால் பக்கத்து இரண்டும் சேர்ந்து வரும். இன்னொரு நாள் வேலை, நாளைக்கு நூலகக் கூடத்தில் கல் இறங்குகிறது, அவள் வருவதற்குள் தரை காய வேண்டும்.

யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

யார் பார்க்கப்போகிறார்கள். நேற்று நானா இதை எழுதினேன்? அந்தக் குளியலறையில் கால் வைக்கப்போகிறவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தானே விட்டேன். ஊரான் வீட்டுத் தரையெல்லாம் தட்டித் தட்டிப் பேசின வாய்.

ஜூன் 25, புதன்

ரயிலடியில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள், பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, எல்லாப் பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. நான் முன்னால் போய் நின்றும் பேசிய பிறகுதான் தெரிந்தது. "மெலிஞ்சுட்டீங்களா? குரல் மெலிஞ்சிருக்கு" என்றாள்.

அறையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். கட்டில், ஜன்னல் கம்பி, கதவுத் தாழ்ப்பாள். குளியலறையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓரம் ஓரமாக நடந்தாள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அது போகிற சத்தத்தைக் கேட்டாள்.

"நிக்கவே இல்லைங்க. உங்க வேலையில குறையே இருக்காது" என்றாள்.

அந்த மூலைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். யாரோ ஒருவர் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கண். யார் என்று சொல்ல மாட்டார்களாம். யாராக இருந்தாலும், அவர்களுடைய வீட்டார் நன்றாக இருக்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

அவள் கண்ணுக்குத் தூசி கொண்டுபோகக்கூடிய ஆள் நானேதான். வேலை முடிந்ததும் கட்டடத்துக் குழாயிலேயே தலை முழுக்க ஊற்றிக்கொண்டு, துவைத்த சட்டை மாற்றிக்கொண்டுதான் கிளம்புகிறேன். "மேஸ்திரி தினமும் மாப்பிள்ளை மாதிரி போறாரே" என்று பசங்க கிண்டல். அக்கா வாசலிலேயே நிறுத்தி என் காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். நேற்று சிமென்ட் இருந்தது என்று திருப்பி அனுப்பினார்.

பகலில் அவளுக்குச் சொட்டு மருந்து போடுவதும் அக்காதான்.

ஜூலை 9, புதன்

பல் வைத்தாயிற்று. அறைக்குள் போய், சாப்பிட்டாயா என்றேன். "யாரது?" என்றாள். ஒரு நொடி அவள் முகத்தில் உண்மையான பயம். மூன்று வருடமாக என் பேச்சில் காற்றுப் போயிருந்ததாம். எனக்கே தெரியாது. பிறகு திரும்பத் திரும்ப என் வாயால் தன் பெயரைச் சொல்லச் சொன்னாள்.

ஜூலை 13, ஞாயிறு

"அந்த வாளி சிவப்பா?"

சிவப்புதான்.

ஜூலை 16, புதன்

வாரா வாரம் பரிசோதனை. ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி மெல்ல மெல்லத் தெளியும் என்கிறார்கள். ஜன்னல் கம்பியை எண்ணினாள். ஏழு என்றாள். எட்டு. நானும் ஏழுதான் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நல்லதாக ஏதாவது சொல்வாள் என்று இருந்தேன்.

"எவ்வளவு நரைச்சுட்டீங்க" என்றாள். பிறகு, "கம்பி எட்டு. அன்னைக்கு ஏன் பொய் சொன்னீங்க?" என்றாள்.

ஜூலை 29, செவ்வாய்

அக்காவுக்கு அவளைக் கண்டால் உயிர். இரண்டு பேரும் முன்னறையில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய பல் அச்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். "முன் பல்லு ரெண்டும் ஒரே அளவு இல்லையேக்கா" என்கிறாள் இவள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிறார். இல்லைதான். முகம் சுளிக்காமல் ராவ எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறார். செக்கிங் மேசை திரும்ப வந்துவிட்டது. இனி யாருக்கும் நிம்மதி கிடையாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புதன்கிழமை அவள் கிளம்புகிறாள். நாற்பது நாள் செவ்வாயோடு முடிகிறது. டாக்டர் சரி சொல்லிவிட்டார். இனி மாதம் ஒரு தடவை வந்தால் போதும், வலது கண் அடுத்த வருடம். அவளை ரயிலேற்றிவிட்டு, மிச்ச வேலை முடியும்வரை நான் பழையபடி சிமென்ட் மூட்டைக்குப் போவேன்.

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் குளியலறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன்.

கதவைத் திறந்து வைத்து, சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். குனியக் கூடாதே, அதனால் கால் பெருவிரலை நீட்டி அந்த மூலையைக் காட்டினாள்.

"இது என்னங்க?"

"எது?"

"இந்தத் துண்டு. விலகியிருக்கே. ஒரு நூல் இருக்கும்." கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "ஆமா, ஒரு நூல். யார் போட்டது?"

நான்தான் என்றேன்.

"நீங்களா? பார்த்துமா விட்டீங்க?"

பார்த்துத்தான் விட்டேன் என்றேன். ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். இந்த நோட்டில் எழுதியிருப்பதை அப்படியே சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது, எதை அடக்குவது என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு அக்கா கையில் யாருடைய கீழ்த்தாடையோ வைத்துக்கொண்டு ஓடி வந்தார். என்னாச்சு என்று கேட்டார்.

"இவருக்கு ஒரு டைல் ஒழுங்கா போடத் தெரியலைக்கா" என்றாள் அவள். சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று அக்கா அவளை அதட்டி, பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தார்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள். "எப்பப் பிரிச்சுப் போடுவீங்க?"

புதன்கிழமை கிளம்புகிற வீட்டில் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. நாளைக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தத் துண்டையும் பக்கத்து இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டிப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கரண்டி, ரப்பர் சுத்தி, இடைக்கட்டை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கப்போகிறாளாம்.